50 ஹெர்ட்ஸ் பனையேறி

படம் வந்துவிட்டது, சத்தம்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 11 மணிக்கு மேல் ஆகியிருந்தது. ஊர் வீட்டின் பழைய ட்யூப் டிவியில் நான்கு பனைமரங்கள் நிற்கின்றன. ஒருவன் ஏறுகிறான், அரிவாளை ஓங்குகிறான், குலை விழுகிறது. எல்லாம் ஊமைப்படமாக. மூன்று வாரம் உட்கார்ந்து போட்ட இசை எங்கே போனது? டிவியில் ஒலியைக் கூட்டினேன், ஏவி கம்பியைப் பிடுங்கி மறுபடி குத்தினேன், வேறு கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். அதில் சத்தம் வந்தது. சரி, கோளாறு நான் செய்த கேசட்டில்தான். அது என்னவென்று அப்புறம் சொல்கிறேன். முதலில், நான் புதிதாக ஒரு விளையாட்டு எழுதிய அந்தப் பழைய டிவி கேம் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் உடன்குடிப் பக்கம். நான் ஆறாவது முடித்த கோடை விடுமுறையில் அப்பா ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். சாம்பல் நிறப் பெட்டி, இரண்டு ரிமோட், ஒரு துப்பாக்கி, மஞ்சள் நிறக் கேசட் ஒன்று. கேசட்டின் மேல் 9999999 இன் 1 என்று அச்சடித்திருந்தது. அக்காவும் நானும் அந்த விடுமுறை முழுக்க எண்ணிப் பார்த்ததில் மொத்தம் ஏழெட்டு விளையாட்டுதான் தேறியது. மற்றதெல்லாம் அதே மரியோ மூன்றாவது கட்டத்திலிருந்து, அதே டேங்க் வேறு சுவரோடு. கேசட்டை ஊதினால் வேலை செய்யும் என்று நம்பினோம். அதிக மதிப்பெண் எடுத்தால் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி வைப்போம், ஏனென்றால் சுவிட்சை அணைத்தால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். நிண்டெண்டோ என்ற பெயரையே நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் கேள்விப்பட்டேன்.

அந்தப் பெட்டி ஒரு நகல். 1983 ஜூலையில் நிண்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற இயந்திரத்தைப் பார்த்து, பிற்பாடு வேறு வேறு தொழிற்சாலைகளில் அச்சாக அடித்தெடுத்தவற்றில் ஒன்று. மூடியைக் கழற்றினால் உள்ளே சிப் என்று சொல்லும்படி எதுவும் கண்ணில் படாது. பலகையின் நடுவே தார் சொட்டிக் காய்ந்த மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். அதற்குள்தான் மொத்த ஃபேமிகாமும் அடங்கியிருக்கிறது. கேசட்டுக்குள்ளும் அதே மாதிரி பொட்டுதான்.

நான் இந்தக் காரியத்தில் இறங்கியது ஒரு சின்ன ஏமாற்றத்தால். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் கணினியில் எமுலேட்டரை, அதாவது பழைய பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளைப் போட்டு மரியோவைத் திறந்தேன். யாரோ விரட்டுகிற மாதிரி ஓடியது. பாட்டும் அவசர அவசரமாக ஒலித்தது. எமுலேட்டரில்தான் ஏதோ அமைப்பு தப்பு என்று அரைமணி நேரம் அதை நோண்டினேன். தப்பு அங்கே இல்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி ஒரு விநாடிக்கு 60 முறை படம் வரையும், விளையாட்டுகளும் அந்தத் துடிப்பை நம்பி எழுதப்பட்டவை. நம் பழைய டிவிகள் பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையைச் சேர்ந்தவை, விநாடிக்கு 50தான். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அடி என்று நகரும் மரியோ, இங்கே விநாடிக்குப் பத்து அடி குறைவாக எடுத்து வைத்திருக்கிறான். அங்கே ஒரு நிமிடத்தில் முடிகிறது எங்கள் வீட்டில் 72 விநாடி எடுத்தது. எங்களுக்குத் தெரிந்த மரியோ மெதுவான மரியோ. அந்த வேகத்தில்தான் எங்கள் விரல்கள் பழகியிருந்தன.

அப்படியென்றால் அந்தப் பெட்டிக்கென்றே, 50 ஹெர்ட்ஸிலேயே, அதாவது விநாடிக்கு 50 படம் என்ற கணக்கிலேயே பிறந்த ஒரு விளையாட்டு இருந்தால் எப்படி இருக்கும்? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பழைய இயந்திரங்களுக்குப் புதிதாக விளையாட்டு எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 2010-இல் பேட்டில் கிட் என்ற விளையாட்டு நிஜக் கேசட்டாகவே விற்பனைக்கு வந்தது. 2019-இல் வந்த மைக்ரோ மேஜஸ் நான்கு பேர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு, மொத்தமும் 40 கேபிக்குள் (கிலோபைட்) அடங்கியது. சூப்பர் மரியோ பிரதர்ஸின் அளவும் அதே 40 கேபிதான். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பதிவின் தமிழ் எழுத்துகளை மட்டும் சேமித்தாலே அந்த 40 கேபியில் பெரும்பகுதி போய்விடும், யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் மூன்று பைட் போகிறதே.

என் விளையாட்டின் பெயர் பனையேறி. ஒரே திரை, நான்கு மரம். ஏறு, குலையை வெட்டு, குளவியிடம் மாட்டாதே, இருட்டுவதற்குள் இறங்கு. பனைமரத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஊர்ப்பாசம் பாதிதான். மீதி கணக்கு. இந்த இயந்திரத்தில் பின்னணிப் படம் முழுவதும் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஓடுகளால் ஆனது, மொத்தம் 256 ஓடுதான் கிடைக்கும். பனையின் உடல் அடியிலிருந்து நுனிவரை ஒரே மாதிரி, ஒரு ஓட்டை வரைந்து அடுக்கிக்கொண்டே போகலாம். வண்ணமும் 16-க்கு 16 புள்ளிச் சதுரத்துக்கு ஒரு தொகுதிதான் தரலாம், ஒரு தொகுதியில் பொதுப் பின்னணி நிறம் போக மூன்று நிறம். உடலுக்குப் பழுப்பு, ஓலைக்குப் பச்சை, குலைக்கு அடர்கறுப்பு. கச்சிதமாக மூன்று. வானம் பின்னணி நிறத்திலேயே வந்துவிடும். ஆலமரத்தை வைத்திருந்தால் அழுதிருப்பேன்.

நினைவகம் 2,048 பைட். அதில் 256 அடிக்கடி தேவைப்படுகிறவற்றுக்கு, 256 செயலி தன் இடைக்குறிப்புகளை வைக்கும் அடுக்குக்கு, இன்னொரு 256 திரையில் நகரும் உருவங்களின் பட்டியலுக்கு. மிச்சம் 1,280. ஒரே திரை விளையாட்டுக்கு இது தாராளம், உண்மையில் நான் பாதியைக்கூடத் தொடவில்லை. நெருக்கடி வேறு இடத்தில் வந்தது. திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவத்துண்டுகளுக்கு மேல் இந்தச் சிப் வரையாது. பனையேறிக்கு அகலத்தில் இரண்டு துண்டு, குளவிக்கு இரண்டு, விழும் குலைக்கு இரண்டு. ஒரே உயரத்தில் ஐந்தாவதாக ஒன்று வந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. தெரியாத குளவி கொட்டினால் விளையாடுகிறவன் ரிமோட்டைத் தூக்கி எறிவான். அதனால் பட்டியலின் வரிசையை ஒவ்வொரு படத்துக்கும் சுழற்றிவிட வேண்டும், யாரும் நிரந்தரமாக மறையாமல் எல்லோரும் முறை வைத்து மினுங்குவார்கள். சின்ன வயதில் அந்த மினுங்கலைப் பெட்டி சூடாகிவிட்டதன் அடையாளம் என்று நினைத்து, அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்போம்.

அதிகமாக என் நேரத்தைத் தின்றது தமிழ் எழுத்துதான். ஆங்கிலத்தில் ஸ்கோர் என்று போடுவதற்கு ஐந்து ஓடு போதும். நான் பிடிவாதமாகப் புள்ளி என்றும் உயிர் என்றும்தான் வரும் என்று முடிவெடுத்தேன். எட்டுக்கு எட்டில் தமிழ் எழுத்து உட்காராது. ண-வில் மூன்று சுழி இருக்கிறது, ஒரு சுழிக்கு உள்ளே ஒரு வெற்றுப் புள்ளியாவது வேண்டும், எட்டுப் புள்ளி அகலத்தில் அது பிதுங்கி வெறும் கறுப்புக் கட்டியாகிவிடுகிறது. மெய்யெழுத்தின் தலைப்புள்ளிக்கு ஒரு வரிசை, அதற்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி ஒரு வரிசை, ஆக எழுத்துக்கு மிஞ்சுவது ஆறு வரிசை. அதில் ள-வும் ன-வும் ஒரே மாதிரி தெரிகின்றன. ளி, றி மாதிரி எழுத்துகளில் கொக்கி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு மேலே வளைவதால் எழுத்து தனி, குறி தனி என்று பிரித்து அடுக்கவும் வழியில்லை.

இரண்டு வாரம் மல்லுக்கட்டிய பிறகு எளிய வழி ஒன்று தட்டுப்பட்டது. எழுத்து எழுத்தாக யோசிப்பதை விட்டேன். புள்ளி என்ற சொல்லையே 16 புள்ளி உயரத்தில் ஒரு படமாக வரைந்தேன், எழுத்து எங்கே முடிகிறது என்று பாராமல் எட்டு எட்டாக வெட்டினேன். ஒரு ஓட்டில் பு-வின் பாதி, அடுத்ததில் பு-வின் வாலும் ள்-இன் தொடக்கமும். திரையில் சேர்த்து வைத்தால் சொல் வந்துவிடும். எனக்கு எல்லாச் சொல்லும் எழுதத் தெரிந்த எழுத்துரு தேவையில்லை, தலைப்பையும் சேர்த்து ஏழு சொல்தான் விளையாட்டிலேயே உண்டு. பனையேறி என்ற தலைப்பை மட்டும் இன்னும் பெரிதாக, னை-யின் இணைக்கொம்பு ஓலை மாதிரி விரியும்படி வரைந்தேன். இந்த விளையாட்டில் எனக்குப் பெருமையான இடம் எது என்று கேட்டால் அந்தக் கொம்பைத்தான் காட்டுவேன்.

வேகக் கணக்குக்கு வருகிறேன். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் 60-ஐ வைத்துத்தான் எழுதப்பட்டவை, 50 என்பது கடைசியில் வரும் பின்குறிப்பு. நான் தலைகீழாகச் செய்தேன். ஐரோப்பாவில் விற்ற அசல் பெட்டியும் 50 ஹெர்ட்ஸ்தான், ஆனால் நம்மூர் நகல் அதிலிருந்தும் வேறுபட்டது. ரஷ்யாவில் டெண்டி என்ற பெயரில் விற்ற நகலின் கால அளவுதான் இதற்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அசல் 60 ஹெர்ட்ஸ் இயந்திரத்தில் செயலி ஏறத்தாழ 29,780 சுழற்சி (ஒரு சுழற்சி என்பது செயலியின் ஒரு துடிப்பு) ஓடும், ஐரோப்பிய இயந்திரத்தில் 33,247, டெண்டி வகையில் 35,464. இந்த வித்தியாசத்தை எண்ணிப் பார்த்து எந்த இயந்திரம் என்று கண்டுபிடிக்கும் சின்ன நிரலைத்தான் முதலில் எழுதினேன். நகலின் செயலி வேகம் 60 ஹெர்ட்ஸ் பெட்டிக்கு மிக அருகில் 1.77 மெகாஹெர்ட்ஸில் இருப்பதால், அங்கே எழுதிய இசை இங்கே மெதுவாக ஒலித்தாலும் சுருதி கிட்டத்தட்ட மாறாது. நகல் செய்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. 60-க்கு எழுதிய விளையாட்டுகள் 50-இல் குழம்பாமல் ஓடவேண்டும் என்று யோசித்து வைத்த கால அளவு அது. மலிவான சரக்கு என்று நாம் சொல்லிவிடுகிறோம், அதற்குள்ளும் யாரோ ஒரு பொறியாளர் ராத்திரி கண்விழித்திருக்கிறார்.

விழும் குலைக்கு ஈர்ப்பு வேண்டும். இந்தச் செயலிக்குப் பெருக்கத் தெரியாது, வகுக்கவும் தெரியாது, பின்னமும் கிடையாது. ஒரு புள்ளியை 256 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு படத்துக்கும் வேகத்தில் 18 பங்கு கூட்டினேன். 50 ஹெர்ட்ஸில் குலை மரத்தின் உச்சியிலிருந்து தரைக்கு வர ஒன்றரை விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது, பார்க்க நிஜமாக இருந்தது. பிறகு 60 ஹெர்ட்ஸ்காரர்களுக்காக மாற்றப் போனேன். வேகத்தை ஆறில் ஐந்தாக்கினால் போதும், ஆனால் ஈர்ப்பு வேகத்தின் வேகம், அதை 36-இல் 25 ஆக்க வேண்டும். 18-ஐ அப்படிச் செய்தால் சரியாக 12.5 வருகிறது. பன்னிரண்டா, பதின்மூன்றா? இரண்டையும் போட்டுப் பார்த்து 13 வைத்தேன். ஆக அமெரிக்காவில் யாராவது பனையேறியை ஆடினால் அவர்களுக்குக் குலை துளி சீக்கிரம் விழும். இத்தனை வருடம் எங்கள் மரியோ மெதுவாக ஓடியதற்கு ஈடாக அதைச் சகித்துக்கொள்ளட்டும்.

இசைக்கு இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல். பதிவு செய்த ஒலிக்கென்று ஐந்தாவது வழி உண்டு, நான் தொடவில்லை. சதுர அலையில் கால் பங்கு மேலே, முக்கால் பங்கு கீழே என்று வைத்தால் ஒலி மூக்கால் பாடுகிற மாதிரி கூர்மையாக வரும். நாதஸ்வரத்தை நினைத்துக்கொண்டு அதில்தான் முழுப் பாட்டையும் போட்டேன். பல நகல் சிப்களில் கால் பங்கு அலையும் அரைப் பங்கு அலையும் இடம் மாறியிருக்கும் என்று படித்திருந்தும், நம் பெட்டியில் அப்படி இருக்காது என்று ஒரு அசட்டு நம்பிக்கை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. கேசட் செய்ய இரண்டு நினைவகச் சிப் வேண்டும், நிரலுக்கு 32 கேபி ஒன்று, படத்துக்கு 8 கேபி ஒன்று. புற ஊதா ஒளியில் அழித்து மறுபடி எழுதக்கூடிய பழைய வகை, முதுகில் கண்ணாடிச் சன்னல் இருக்கும். ரிச்சி தெருவில் பழைய பலகைகளிலிருந்து கழற்றியவற்றை அள்ளி வைத்திருந்த ஒரு கடையில் வாங்கினேன். அந்த மஞ்சள் கேசட்டையே பலி கொடுத்தேன். பொட்டுக்குப் போகும் தடங்களைக் கத்தியால் அறுத்து, ஓரத்தில் இருக்கும் 60 முனைகளில் தேவையானவற்றிலிருந்து மெல்லிய கம்பி இழுத்து இரண்டு சிப்புக்கும் பற்றவைக்க வேண்டும். ஏறத்தாழ 50 கம்பி. முடித்தபோது கேசட் தேங்காய் நார் உரித்த மாதிரி இருந்தது.

சத்தம் வராத காரணம் இதுதான்: இந்தப் பெட்டியில் ஒலி நேராக டிவிக்குப் போவதில்லை. 45-ஆவது முனை வழியாகக் கேசட்டுக்குள் வந்து, 46-ஆவது முனை வழியாகத் திரும்பிப் போகிறது. கேசட்டுக்குள் கூடுதல் ஒலிச் சிப் இருந்தால் அது தன் பங்கைக் கலந்து அனுப்பலாம் என்று ஜப்பானில் வைத்த ஏற்பாடு. கூடுதல் சிப் இல்லாத கேசட்டில் இரண்டு முனையையும் சும்மா ஒட்டிவிட்டால் போதும். பழைய பலகையில் அப்படி ஒரு தடம் இருந்தது. நான்தான் உற்சாகத்தில் மற்றவற்றோடு அதையும் அறுத்துவிட்டேன். ஒரு சொட்டு ஈயம் வைத்தேன். பாட்டு வந்தது. நாதஸ்வரம் வரவில்லை, யாரோ குடத்துக்குள் வாயை வைத்து ஊதுகிற சத்தம். அலைகள் இடம் மாறித்தான் இருந்தன. அதைச் சரிசெய்ய நிரலில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஆனால் கேட்கக் கேட்க அந்தக் குடச் சத்தம்தான் எனக்குப் பழகிய சத்தமாக இருந்தது. எங்கள் டேங்கும் இப்படித்தான் ஒலித்தது. விட்டுவிட்டேன்.

மறுநாள் அக்கா பிள்ளைகளோடு வந்திருந்தாள். பிள்ளைகள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்கள். அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏல, இது நம்ம பழைய பெட்டியா? இன்னும் ஓடுதா?"

"ஓடுதுக்கா. கேசட்தான் புதுசு. நான் எழுதுனது."

"நுங்கா? அரிவாள வீச எந்தப் பட்டன்?"

சொன்னேன். முதல் காரியமாக டர்போ பட்டனை அழுத்தினாள். நகல் ரிமோட்டில் அது ஒரு வரம், அழுத்திப் பிடித்தால் விநாடிக்குப் பத்துப் பதினைந்து முறை தானே அழுத்தும். அவள் இதைச் செய்வாள் என்று எனக்குத் தெரியும், இருபது வருடம் முன்னால் என்னை இப்படித்தான் ஜெயித்தாள். அதனால் அரிவாள் வீச்சு முடிவதற்குள் மறுபடி அழுத்தினால் பிடி நழுவி ஒரு முழம் கீழே சறுக்கும்படி எழுதியிருந்தேன். உச்சியிலிருந்து தரைவரை சறுக்கிக்கொண்டே வந்தாள். திரும்பி என்னைப் பார்த்த பார்வைக்காகவே ஆறு மாத உழைப்பும் தகும்.

அப்புறம் ஒழுங்காக ஆடினாள். மூன்றாவது மரத்தில் பாதி ஏறியிருக்கும்போது பனையேறி சட்டென்று நேராக மேலே போனான். ஓலையைத் தாண்டி, புள்ளி என்ற சொல்லைத் தாண்டி, திரைக்கு வெளியே. திரும்பி வரவேயில்லை. குளவிகள் காலி மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன.

"ஆளு எங்கல போனான்? சொர்க்கத்துக்கா?"

அன்று ராத்திரி கண்டுபிடித்தேன். நல்ல ரிமோட்டில் மேல், கீழ் இரண்டையும் சேர்ந்து அழுத்த முடியாது, நடுவில் இருக்கும் முளை விடாது. எங்கள் ரிமோட்டில் அந்த முளை தேய்ந்து போயிருக்கிறது, உள்ளே ரப்பரும் தொய்ந்துவிட்டது. அழுத்திய திசைகளைச் சேர்த்து ஒரு எண்ணாக்கினால் மேல் 8, கீழ் 4. இரண்டும் சேர்ந்தால் 12. வேகம் எவ்வளவு என்று பார்க்கும் அட்டவணையை நான் 10 வரைக்கும்தான் எழுதியிருந்தேன், அதற்கு மேல் ஒரு திசைச் சேர்க்கை வரவே முடியாது என்ற தைரியத்தில். 12-ஆவது இடத்தில் அடுத்த அட்டவணையின் ஒரு பைட் இருந்தது, அதைத்தான் இயந்திரம் வேகம் என்று எடுத்துக்கொண்டது. எமுலேட்டரில் விசைப்பலகையை வைத்து ஆறு மாதம் ஆடியும் எனக்கு இது ஒருமுறைகூட வரவில்லை.

திருத்தம் ஐந்து வரி. ஆனால் கையில் இருந்த மூன்று பெரிய சிப்பிலும் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, அழிக்கிற புற ஊதா விளக்கு சென்னையில் இருக்கிறது. நேரடி வெயிலில் ஒரு வாரம் வைத்தால் இந்தச் சிப் அழிந்துவிடும் என்று அதன் கையேட்டில் எச்சரிக்கையாகப் போட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்து, மொட்டை மாடியில் வற்றல் காயப்போட்ட தட்டின் ஓரத்தில் வைத்திருக்கிறேன். இன்றோடு நான்கு நாள். காக்கை தூக்கிப் போய்விடாமல் அம்மா மேலே பழைய கொசுவலையை விரித்திருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் எடுத்துப் படித்துப் பார்த்தபோது சில பைட்கள் 255 ஆகத் தொடங்கியிருந்தன.